தொங்கினால் கை நீளுமா?

சார், வணக்கம். என் மகனுக்கு 13 வயது. நான்கு வருடமாக நீந்துகிறான். 50 மீட்டர் ப்ரீஸ்டைல்தான் அவனுக்கு உயிர். ஆறு மாதமாக நேரம் 31 விநாடியிலேயே நிற்கிறது. போன மாதம் வேளச்சேரியில் நடந்த போட்டியில் பக்கத்து லேன் பையன் 27-இல் முடித்துவிட்டான். வயது ஒன்றுதான், ஆனால் அவனுக்கு மீசையே அரும்பிவிட்டது. மறுநாள் கோச் டேப் வைத்து அளந்தார். உயரம் 151 சென்டிமீட்டர், கையை விரித்தால் 150. "ஸ்பிரின்டுக்கு இந்த உடம்பு பத்தாது, லாங் டிஸ்டன்ஸுக்கு மாத்திடலாம்" என்றார். நான் 5 அடி 5 அங்குலம், மனைவி 5 அடி. எங்களிடம் இருக்கும் உடம்பைத்தானே கொடுக்க முடியும்? அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம் கம்பியில் தொங்கவிடுகிறேன். பலன் இருக்குமா?

— ஒரு வாசகர், மடிப்பாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

தொங்குவதால் உயரம் கூடாது, கையும் நீளாது. ஆனால் கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கோச் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. நீந்துகிறவரின் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை வெல்லச் செலவாகும் திறனோ எட்டு மடங்கு. வெறும் 5 சதவீதம் வேகம் கூட்டவே சுமார் 16 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். 31 விநாடியில் நின்றுபோன கடிகாரம் அசையாததற்கு இதுதான் காரணம், பையனின் சோம்பல் இல்லை. உயரமும் உண்மையாகவே உதவும். ஒரே வேகத்தில் போகும்போது நீளமான படகு குட்டைப் படகைவிட அலையோடு குறைவாக மல்லுக்கட்டும் என்பது படகு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். உடம்புக்கும் அதே கணக்கு. நீண்ட கை ஒரு வீச்சில் அதிக தூரம் இழுக்கும்.

உடனே எல்லோரும் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸை இழுத்து வருவார்கள்: உயரம் 193, கை விரிப்பு 201. சரி, ஆனால் அவர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பதக்கம் வாங்கியவரே இல்லை! பாரிஸ் 2024-ஐப் பாருங்கள். 21.25 விநாடியில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கவாய் 185 சென்டிமீட்டர். வெண்கலம் வாங்கிய பிரான்ஸின் ஃப்ளோரன்ட் மனாடு 199. மனாடு 2012-இல் இதே பந்தயத்தில் தங்கம் வென்றவர், அதனால் நெட்டையாக இருந்தும் தோற்றார் என்று முடிவு கட்டிவிட முடியாது. மெக்கவாயும் நம் ஊர் பஸ்ஸில் ஏறினால் தலை குனிய வேண்டிய ஆள்தான். எனவே உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்லமாட்டேன். பெற்றோர் உயரத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் 165-ஐ ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே நிற்கலாம். ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு அது பெரிய தடை. மாவட்டப் போட்டிக்கோ கல்லூரிப் போட்டிக்கோ அப்படியில்லை.

எனக்குக் கோபம் வருவது அளந்ததற்காக அல்ல, 13 வயதில் அளந்து தீர்ப்பும் எழுதியதற்காக. நீங்கள் மீசை என்று எழுதினீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. பையன்கள் வேகமாக வளரும் காலம் சிலருக்கு 12-இல் வரும், சிலருக்கு 15-இல்தான் வரும். முதலில் வந்தவனுக்கு உயரமும் தசையும் சேர்ந்தே வந்துவிடும். அந்த 27 விநாடியில் திறமை எவ்வளவு, பருவம் எவ்வளவு என்று இன்று எந்த டேப்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கையும் பாதமும்தான் முதலில் நீளும், உடல் பின்னால் வரும். மகனின் செருப்பு சைஸ் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாறினால் அதைக் குறித்து வையுங்கள்.

லாங் டிஸ்டன்ஸ் ஒன்றும் ஸ்பிரின்டில் மிஞ்சியவர்களை அனுப்பும் இடம் இல்லை. நம் தமிழ்நாட்டு நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் ஏறத்தாழ உங்கள் மகன் வயதில்தான், 1994-இல், ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதற்கு வேண்டியது மணிக்கணக்கில் தளராத இதயமும் நுரையீரலும். 50 மீட்டரிலோ பெரிய வீரர்கள் ஒரு மூச்சு எடுத்தாலே அதிகம். தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்திதான் முதல் சில விநாடிகளை ஓட்டும். பையனுக்கே நீளத் தூரம் பிடித்தால் போகட்டும், டேப் சொன்னது என்பதற்காக வேண்டாம்.

இனி மாற்றக்கூடியதைப் பார்ப்போம். முதலில் ஸ்டார்ட். 50 மீட்டரில் முதல் 15 மீட்டரை உலகத் தரத்து ஆண்கள் ஐந்து விநாடிச் சொச்சத்தில் கடந்துவிடுவார்கள். மொத்த நேரத்தில் அது கிட்டத்தட்ட கால் பங்கு. பந்தயத்திலேயே உச்ச வேகம் தண்ணீருக்குள் நுழையும் நொடியில்தான், அப்புறம் எல்லாம் இழப்புதான். நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். கல்லூரிப் போட்டியில் முதன்முறை பிளாட்பாரத்திலிருந்து குதித்தபோது கிணற்றுப் பழக்கத்தில் நேரே ஆழத்துக்குப் போய்விட்டேன். மேலே வந்து பார்த்தால் மற்றவர்கள் பாதிக் குளத்தில் இருந்தார்கள். என் உயரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் மகன் 15 மீட்டரை எப்போது தொடுகிறான் என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். அபார்ட்மெண்ட் குளங்களில் ஆழம் போதாது, அங்கே குதிக்கவிட வேண்டாம். ஆழமான குளத்தில், கோச் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் குதிக்கட்டும்.

அடுத்தது கணுக்கால். தரையில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். பாதம் நடனக்காரியைப் போல நீண்டு மடங்கினால் கிக் தண்ணீரைப் பின்னால் தள்ளும். விறைத்து நின்றால் கால் கொக்கி மாதிரி இழுத்துப் பிடிக்கும். தினமும் ஐந்து நிமிடம் மெதுவாக நீட்டிப் பழகினால் போதும்.

கடைசியாக அந்தக் கம்பி. ஸ்பிரின்டில் பெரும்பகுதி உந்துதல் கையிலிருந்துதான் வருகிறது. மெக்கவாய் நீந்தும் தூரத்தை வெகுவாகக் குறைத்து, பலப் பயிற்சியைக் கூட்டித்தான் திரும்பி வந்தார். அவர் செய்யும் எடைப் பயிற்சி உங்கள் பையனுக்கு இப்போது வேண்டாம். பத்து நிமிடம் தொங்கியது போதும், இனி மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை இழுக்கட்டும். ஆரம்பத்தில் காலைக் கொஞ்சம் தாங்கிப் பிடியுங்கள். தாங்காமல் ஒன்று வந்ததும் எனக்கு எழுதுங்கள், 31 அப்போது எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து.

அன்புடன்.