சில்க் போர்டு நெரிசலுக்கு டர்போ கிரெட்டாவா, ஹைபிரிட் ஹைரைடரா?

வணக்கம். பெங்களூருவில் மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரவும், மாதம் ஒருமுறை பெற்றோருடன் சேலம் செல்லவும் ஹூண்டாய் கிரெட்டா டர்போ டிசிடி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்) நல்லதா, டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இழுக்கும் வண்டி) நல்லதா என்று கேட்டிருந்தீர்கள்.

வேகம் ஒன்றே கணக்கென்றால் கேள்விக்கே இடமில்லை. கிரெட்டாவின் 160 பிஎஸ் (குதிரைத்திறன்) எங்கே, ஹைபிரிடின் 116 பிஎஸ் எங்கே! ஆனால் உங்கள் வண்டி பெரும்பாலும் சில்க் போர்டில் ஊரத்தான் போகிறது. அப்படி ஊரும்போது டிசிடியின் கிளட்ச் பாதி பிடித்தும் விட்டும் தேய்வதால் சூடேறும். என் பழைய டிசிடி வண்டியில் (வேறு நிறுவனத்தயாரிப்பு) ஒரு மழை மாலையில், மேம்பால ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரிய, ஓரங்கட்டி இருபது நிமிடம் காத்திருந்தேன். ஹைபிரிடில் அந்தக் கிளட்சே கிடையாது. நெரிசலில் பெரும்பகுதியை மின்மோட்டாரே இழுத்துவிடும்.

குறையும் உண்டு. சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர் ஏற்றத்தில் நான்கு பேருடன் அழுத்தி மிதித்தால், மூன்று சிலிண்டர் எஞ்சின் இரைச்சலிடும். பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கியும் சிறியது.

என் தேர்வு ஹைபிரிட்தான். கிரெட்டாதான் வேண்டுமென்றால், டர்போ இல்லாத 1.5 பெட்ரோலை ஐவிடி (படிகளில்லாத தானியங்கி) கியருடன் எடுங்கள். முன்பணம் கட்டுமுன், காலியான ஞாயிறு காலையில் அல்லாமல், வேலைநாள் மாலை ஆறரை மணிக்குப் பெற்றோரைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டிப்பாருங்கள்.