வேன்லயே குடித்தனம்னா தரைக்கு என்ன போடறதுங்க?

கேள்வி: வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லுல இருந்து ரிட்டயர் ஆயிட்டாருங்க, பசங்க ரெண்டு பேரும் வெளியூரு. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு பழைய டிராவலர் வேன் ஒண்ணு வாங்கி கரூர்ல பாடி வேலை செஞ்சு அதுலயே ஊரூரா போய் இருந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம், நாலு நாள் டூர் இல்லீங்க, வருசம் பூராவும் அதுதான் வீடு. எனக்கு தூசு ஆகாது. டெஸ்ட்ல டஸ்ட் மைட்டு, பூஞ்சை ரெண்டும் வந்துச்சு, குளுருன்னா வீசிங் வேற. பட்டறைல கார்பெட் போட்டாத்தான் லக்சரிங்கறாங்க, பையன் மரப்பலகை மாதிரி கிளிக் ப்ளோரிங் போடுங்கறான், இவரு டைல்ஸ்ங்கறாரு. உள்ள தரை சுமாரா 80 சதுர அடி. எதைப் போடறதுங்க?
- வாசகி, காங்கேயம்

பதில்: கார்பெட் மட்டும் வேண்டவே வேண்டாமுங்க அக்கா. டஸ்ட் மைட்டுங்கறது கால் மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கற பூச்சி, நம்ம தோல்ல இருந்து உதுர்ற செதிலைத் தின்னுட்டு காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டு இருக்கும், அதோட எச்சந்தான் உங்களுக்கு தும்மலைக் கெளப்புறது. ஊட்டுல அத்தனை ரூம்லயும் பரவி உதுர்றது வேன்ல அந்த 80 அடிக்குள்ளயே உதுரும், எத்தனை வேக்கம் போட்டாலும் கார்பெட்டு அடி வரைக்கும் இழுக்காது. சுவத்துக்கும் சீலிங்குக்கும் ஒட்டற வெல்வெட்டு மாதிரி துணியையும் வேண்டாம்னு இப்பவே சொல்லிருங்க, பட்டறைல கேக்காமயே ஒட்டிருவாங்க.

அண்ணன் சொல்ற டைல்ஸ் துடைக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா வண்டி ஓடற ஓட்டத்துல பாடி முறுக்கிக்கிட்டே இருக்குமுங்க, டைல்ஸ் முறுக்காது, சந்துல போட்ட பூச்சு விரிஞ்சு தண்ணி உள்ள இறங்கிரும். வெயிட்டையும் பாருங்க, 8 மில்லிமீட்டர் டைல்ஸ் சதுர மீட்டருக்கு 16, 17 கிலோ வரும், உங்க தரைக்கு ஒட்டற பசையில்லாமயே 120 கிலோ. கட்டில், தண்ணி டேங்க், பேட்டரினு எல்லாம் ஏறப்போற வண்டி அது. (வண்டிய இப்புடி மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வேணும், பட்டறைக்காரரு பாத்துக்குவாருனு விட்டுராதீங்க.)

பையன் சொல்ற கிளிக் பலகைல ரெண்டு ரகம். லேமினேட்னா உள்ள அமுக்குன மரநார், தண்ணி பட்டா உப்பிரும், அது ஆகாது. எஸ்பிசினா கல்லுமாவும் பிளாஸ்டிக்கும் சேந்தது, தண்ணிக்கு அசையாது, 4 மில்லிமீட்டர்னா மொத்தம் 60 கிலோக்குள்ள முடிஞ்சிரும், அலர்ஜி இல்லாத ஆளுன்னா நானே செரின்னுருவேன். ஆனா ஒவ்வொரு பலகைக்கும் நாலு பக்கம் சந்து, அந்தச் சந்து வழியா எறங்குன தூசையும் தண்ணியையும் நீங்க எந்தத் துணியை வெச்சும் தொடைக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது சந்தே இல்லாத தரை, அம்புட்டுத்தான்.

அதனால 2 மில்லிமீட்டர் வினைல் ஷீட். பஸ்ஸுல ஸ்க்ரூ அடிச்சு பீடிங் வெச்சு ஓட்டறாங்களே அந்த மேட் இல்லீங்க, ஆஸ்பத்திரி ஆபரேசன் தியேட்டர்ல போடறது. அங்க தரையும் சுவரும் சேர்ற மூலைல அழுக்கு நிக்கக்கூடாதுன்னு பின்னாடி வளைஞ்ச பட்டை ஒண்ணு குடுத்து ஷீட்டை அப்படியே சுவத்துல 4 அங்குலம் ஏத்தி ஒட்டுவாங்க, ஜாயிண்ட் வந்தா அதே வினைல்ல கம்பி மாதிரி ஒண்ணை சூட்டுக் காத்துல உருக்கி வெல்டு பண்ணி மட்டமா சீவி விட்ருவாங்க, நகத்தை வெச்சு தேச்சாக்கூட ஜாயிண்ட் தட்டுப்படாது. ரோல் 2 மீட்டர் அகலத்துல வரும், வேனோட உள் அகலத்தோட ரெண்டு பக்கமும் மடிச்சு ஏத்தறதையும் சேத்து அளந்துட்டு எத்தனை ஜாயிண்ட் வரும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரிக்கு ப்ளோரிங் போடற ஆளுங்க இருக்காங்க, கரூர்ல பாடி முடிச்சுட்டு தரைய மட்டும் அவிங்ககிட்ட விட்டாலும் தப்பில்லீங்க. மொத்த வெயிட்டு 20, 25 கிலோதான் வரும்.

இப்ப யாரும் கேக்காத விசயத்துக்கு வாரேன், அடில இருக்கற ப்ளைவுட்டும் பசையும். அமெரிக்காவுல 2005ல கத்ரீனா புயல் அடிச்சப்ப வீடு போனவங்களை அரசாங்கம் டிரெய்லர் வண்டிகள்ல குடி வெச்சுது, கொஞ்ச நாள்லயே கண் எரிச்சல், மூக்கு எரிச்சல், மூச்சு வாங்குதுன்னு ஏகப்பட்ட புகாரு. அப்புறம் 519 வண்டிய சோதிச்சுப் பாத்ததுல ஃபார்மால்டிஹைடுங்கற வாயு சராசரி 77 பிபிபி (காத்துல நூறு கோடிக்கு 77 பங்கு) இருந்துச்சு, சாதாரண வீட்டுல இருக்கறதவிட ரொம்ப எச்சு. அந்த வாயு பெரும்பாலும் பலகைகளை ஒட்டற பசைல இருந்து வர்றது, சூடு ஏற ஏற எச்சா வரும், சித்திரை வெயில்ல கண்ணாடி ஏத்தி நிக்கற வேனை நெனச்சுப் பாருங்க. அதனால ப்ளைவுட்ல ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளையே வாங்குங்க, அதுல இருக்கறது பினால் பசை, அந்த வாயுவை ரொம்பக் கம்மியாத்தான் விடும். வினைலை ஒட்டறதுக்கு மூக்கைத் துளைக்கற ரப்பர் சொல்யூசன் வேண்டாம், தண்ணில கலக்குன ப்ளோரிங் பசை வருது, அதான் வேணும்னு அடிச்சுச் சொல்லுங்க. ஷீட்டையும் வாங்குன கையோட ஒட்டாம மாடில நெழல்ல விரிச்சு புது வாசம் போக விடுங்க. வேலை முடிஞ்சதும் ஒரு மாசமாச்சும் பகல்ல வண்டிய வெயில்ல நிறுத்தி கதவு, ஜன்னலை எல்லாம் தொறந்து போடுங்க. ஜோசியர்கிட்ட நாள் குறிச்சுட்டோம்னு அவசரப்பட்டு குடி போயிராதீங்க.

பூஞ்சைக்கு வேற கதை. 1 கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வரும், அதோட ரெண்டு பேர் விடற மூச்சு, தொவச்சுக் காயப்போட்ட துண்டு. ஊட்டிலயோ வால்பாறைலயோ ராத்திரி கண்ணாடி ஏத்திப் படுத்தா அந்த ஆவியெல்லாம் குளுந்த தகரத்துலதான் போய்ப் படியும், தரை அடிலயும் அதே தகரந்தான். தகரத்துக்கும் ப்ளைக்கும் நடுவுல தெர்மாகோல் மாதிரி கெட்டியான ஃபோம் ஷீட் குடுத்து, ப்ளையோட அறுத்த ஓரம் பூராவும் அடைக்கச் சொல்லுங்க. சமைக்கறப்ப எக்ஸாஸ்ட் ஓடட்டும். 50 சதவீதத்துக்குக் கீழ ஈரப்பதம் இருந்தா மைட்டும் பெருகாது, ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோங்க.

கலரு? மர டிசைன், புள்ளி புள்ளி டிசைன் எல்லாம் அழுக்கை மறைக்கறதுக்குன்னே வந்ததுங்க, ஒறம்பரை வர்ற வீட்டுக்கு அது ஆகும். உங்களுக்கு தூசு கண்ணுல தெரியணும், வெளிர் சாம்பல்ல ப்ளெயினா போடுங்க. சீமாறு வேண்டாம், ஈரத்துணிதான்.

கேள்வி: வினைலே பிளாஸ்டிக்தானுங்களே, இயற்கையா லினோலியமோ கார்க்கோ போட்டுட்டு மேல நம்மூரு தேங்காநார் பாய் விரிச்சா என்ன?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: லினோலியம் ஆளிவிதை எண்ணெய்ல செய்யறது, நல்ல சரக்குதான், ஆனா அந்த எண்ணெய் வாசமே சிலருக்கு ஆகாது, பின்பக்கம் சணல் வேற, ஈரம் ஏறுனா சிக்கல். கார்க் மெத்துனு இருக்கும், மேல பூச்சு தேயத் தேய மறுபடி பூசணும். எதுன்னாலும் அதுல சின்னதா ஒரு துண்டு வாங்கி தலமாட்டுல வெச்சு ஒரு வாரம் படுத்துப் பாருங்க, மூக்கே சொல்லிரும். நார்ப்பாய் படிக்கட்டுக்கு வெளிய மட்டும் போடுங்க, செருப்பு மண்ணை அது நல்லா வாங்கும். உள்ள விரிச்சா அதுவும் கார்பெட்டுதானுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ரெடிமேடா கட்டுன வேன் வாங்குனோம், மழை பேஞ்சா உள்ள ஒரு மக்குன வாசம். மேலயே புது ஷீட் ஒட்டிரலாமா?
- வாசகர், பல்லடம்

பதில்: ஒட்டிராதீங்க. சிங்க்குக்கு அடில, படிக்கட்டு ஓரத்துல, வீல் மேட்டுப் பக்கத்துல பழைய மேட்டைக் கொஞ்சம் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால ப்ளைவுட்டைக் குத்துங்க. பொதபொதன்னு இறங்குச்சுன்னாலோ கறுத்துக் கெடந்தாலோ அந்தத் துண்டை வெட்டித்தான் எடுக்கணும், பிளீச்சிங் ஊத்துனா மேலதான் வெளுக்கும். அதுக்கும் முன்னாடி தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க, ஜன்னல் ரப்பர், ஏசி தண்ணிக் குழாய், கூரைல ஃபேனுக்கு அறுத்த ஓட்டை, இந்த மூணுல ஒண்ணாத்தான் பெரும்பாலும் இருக்கும். வெட்டி எடுக்கறப்ப உங்க வீட்டுல இளைப்பு இருக்கறவங்களை அக்கட்டால அனுப்பிருங்க, வேலை செய்யறவரு மாஸ்க் போட்டுக்கட்டும்.