அந்த ஜெர்சியை வாங்கலாமா?

அன்புள்ள அக்கா, அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் 2018 கடைசிவரை பிஎச்.டி. படித்தேன். புல்மன் என்ற சின்ன ஊர். ஊரைச் சுற்றிக் கோதுமை வயல்தான். லேபில் கூட இருந்தவர்கள் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கக் கூப்பிட்டுப் போனார்கள், அப்படியே அந்த டீம் என் டீம் ஆகிவிட்டது. இப்போது சியாட்டிலில் வேலை. ஆனால் விளையாட்டு முழுக்கப் பணமாகிவிட்டது. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய ஆள்) கேம் வார்ட் 2023 சீசன் முடிந்ததும் போனார். அடுத்து வந்த ஜான் மட்டீர் ஒரே வருஷத்தில் ஓக்லஹோமா போனார். கோச்சும் போய்விட்டார். விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்க மாதம் 50 டாலர் தாருங்கள் என்று ஒரு ரசிகர் குழுவிலிருந்து மெயில் வருகிறது. போன வாரம் என் 8 வயசுப் பையன் கடையில் ஒரு ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, இவர் அடுத்த வருஷம் இருப்பாரா?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் ஏமாந்தேனா? விட்டுவிடவா?
– ஒரு வாசகர், சியாட்டில்

அன்புத் தம்பி,

நீங்கள் ஏமாறவில்லை. 2018 அக்டோபர் 20 அன்று நீங்கள் புல்மனில்தான் இருந்திருப்பீர்கள். கல்லூரி ஃபுட்பால் பற்றிய ‘காலேஜ் கேம்டே’ டிவி நிகழ்ச்சி முதல் தடவையாக அந்த ஊருக்கு வந்த நாள் அது. அந்த நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் உங்கள் யுனிவர்சிட்டியின் சிவப்புக் கொடியைப் பின்னால் யாராவது ஆட்டிக்கொண்டிருப்பார்கள். 2003-லிருந்து முன்னாள் மாணவர்கள் கைக்குக் கை மாற்றி அதைச் செய்துவந்தார்கள். 15 வருஷம் கழித்து நிகழ்ச்சியே புல்மன் வந்தபோது, அன்றைக்கு ஓரிகனை 34-20 என்று ஜெயித்தீர்கள். அந்தச் சந்தோஷம் உண்மையானது. பிறகு யார் எவ்வளவு சம்பாதித்தாலும் அது பொய்யாகிவிடாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கோபங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்றில் நான் உங்கள் பக்கம் இல்லை.

அந்தப் பையன்கள் மேல் உள்ள கோபத்தைச் சொல்கிறேன். கல்லூரி விளையாட்டில் பணம் இன்று நேற்று வந்ததல்ல. அது விளையாடுகிறவன் கைக்குப் போவதுதான் புதுசு. 1955-ல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற மாணவர் ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்தவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டைக் கேட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்றது. இந்த மாதிரி வழக்குகள் வரக் கூடாது என்றுதான் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்தக் காலத்தில் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற பெயரையே பிடித்துக்கொண்டது. அப்போது அதன் தலைமையில் இருந்த வால்டர் பையர்ஸே பிற்காலத்தில் இதை ஒப்புக்கொண்டார். கேட்க இனிமையான பெயர், அதற்குப் பின்னால் ஒரு விதவையின் வழக்கு இருக்கிறது.

2014-ல் கனெக்டிகட் டீமை பாஸ்கெட்பால் சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரி பசியோடு படுக்கிறேன் என்று சொன்னார். அரங்கம் நிறைய ஆள், கடையில் அவர் டீமின் சட்டை, அவர் தட்டில் சோறு இல்லை. அதே உலகத்தில்தான் 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச்சை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல், இனி கோச் செய்யாமல் இருப்பதற்காக! இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலையிலிருந்து யுனிவர்சிட்டியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு யுனிவர்சிட்டிக்கு 2.05 கோடி டாலர்வரை. இது அவர்களுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய பணம் தம்பி.

சரி, வார்ட் போனது வலிக்கிறது. ஆனால் அவர் உங்களிடம் வந்ததே இன்னொரு சின்ன டீமிலிருந்துதானே? இன்கார்னேட் வேர்ட், பிறகு நீங்கள், பிறகு மயாமி. தொழில்முறை டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2018-ல் 11 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த மீசைக்காரர் கார்ட்னர் மின்ஷூ? அவரும் ஈஸ்ட் கரோலினாவிலிருந்து ஒரே ஒரு வருஷத்துக்கு வந்தவர்தான். அவரை நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டீர்கள். நீங்களும் படிப்பு முடிந்ததும் புல்மனை விட்டு சியாட்டில் போனீர்கள், உங்கள் திறமைக்கு அங்கே நல்ல சம்பளம் இருந்தது. உங்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. 21 வயதுப் பையனுக்கும் அந்த நியாயத்தைக் கொடுங்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கோபம். நீங்கள் அதைப் பெயர் சொல்லி எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் வலிக்கிறது, அதில் நான் முழுக்க உங்கள் பக்கம். மேற்குக் கரையின் யுனிவர்சிட்டிகள் தங்களுக்குள் விளையாட 1915-ல் தொடங்கிய கூட்டணி, கடைசியில் பேக்-12 என்ற பெயரில் இருந்தது. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய யுனிவர்சிட்டிகள் நாட்டின் நடுவிலும் கிழக்கிலும் உள்ள பிக் டென் என்ற கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டிலேயே பிக் டென் 700 கோடி டாலருக்கு மேல் 7 வருஷ டிவி ஒப்பந்தம் போட்டது. 2023 ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஓரிகன், வாஷிங்டன் உட்பட ஐந்து யுனிவர்சிட்டிகள் கிளம்பின. செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கூட்டணிக்குப் போயின. மிச்சம் நின்றது நீங்களும் ஓரிகன் ஸ்டேட்டும், இரண்டே பேர்.

இதைச் செய்தது எந்த 21 வயதுப் பையனும் இல்லை. யுனிவர்சிட்டித் தலைவர்கள், டிவிக்காரர்கள். ஃபுட்பால் வாரம் ஒரு நாள், அதற்கென்று தனி விமானம். ஆனால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூஜெர்சிவரை வார நடுவில் பறந்து, திரும்பி வந்து பரீட்சை எழுத வேண்டியது வாலிபால் ஆடும் பெண்பிள்ளைகளும்தான். அவர்களைப் பார்த்து யாரும் 700 கோடி கொடுக்கவில்லை.

நஷ்டம் எங்கே போய் விழுகிறது பாருங்கள். 2025 ஜூனில் உங்கள் யுனிவர்சிட்டி தடகளத்தில் எறிதல், தாண்டுதல் போன்ற போட்டிகளைக் கைவிட்டு, நீண்ட தூர ஓட்டத்தை மட்டும் பிரதானமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னது. கென்யாவின் ஹென்றி ரோனோ மாணவராக இருந்து, 1978-ல் 81 நாளில் நான்கு உலக சாதனை செய்த யுனிவர்சிட்டி அது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

பக்கத்து ஊர்ப் பகை என்ற அழகான விஷயத்தையும் உலுக்கிவிட்டார்கள். வாஷிங்டனோடு நீங்கள் ஆடும் ஆப்பிள் கப், நவம்பர் கடைசியில் குளிரில் நடப்பது. 2024-ல் அது செப்டம்பருக்கு வந்தது. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது? 24-19 முன்னிலை, எதிரணி உங்கள் கோட்டுக்கு ஒரு கெஜம் தூரத்தில், கடைசி முயற்சி. நிறுத்திவிட்டீர்கள். அதை நீங்கள் வீட்டில் கத்தாமல் பார்த்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை.

ஆகவே விடாதீர்கள். அந்த 50 டாலர் மட்டும் வேண்டாம். பெரிய பணக்காரர்கள் ஏலம் கேட்கும் இடத்தில், மாதச் சம்பளக்காரர் குற்ற உணர்ச்சியால் பணம் போடத் தேவையில்லை. கொடுக்கத் தோன்றினால் நீங்கள் படித்த துறையின் ஸ்காலர்ஷிப்புக்கோ, ஓட்டப்பந்தயக்காரர்களுக்கோ கொடுங்கள். டிக்கெட் வாங்குங்கள். பெண்கள் பாஸ்கெட்பாலுக்கும் வாங்குங்கள். 2023 மார்ச்சில் அவர்கள் ஏழாவது இடத்திலிருந்து கிளம்பி பேக்-12 கோப்பையை வாங்கியதை எத்தனை ரசிகர்கள் நேரில் பார்த்தார்கள்?

பையனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: “தெரியாதுடா. போனாலும் போவார். இருக்கிறவரைக்கும் நம்ம ஆள். போனால் அங்கேயும் நல்லா ஆடட்டும்.” எட்டு வயசுக்கு இது புரியும். ஊர் மாறிப்போன சிநேகிதன் அவனுக்கும் ஒருத்தன் இருப்பான்.

அடுத்த சீசனில் ஒரு சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள், ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். கோதுமை மேடுகள் தொடங்கும் இடத்தில் பையனை எழுப்பிவிடுங்கள். நீங்கள் குடியிருந்த வீடு, உங்கள் லேப், யுனிவர்சிட்டியே செய்து தகர டப்பாவில் விற்கும் அந்தச் சீஸ், எல்லாம் காட்டுங்கள். ஜெர்சியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எந்த நம்பர் என்று அவனே சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா