போர்டை மாற்றும் முன்: கேரவன் வாட்டர் ஹீட்டர் கேள்வி-பதில்

கேள்வி: கேரவனில் உள்ள புரொப்பேன் ஹீட்டரின் சுவிட்சைப் போட்டால் டிக் டிக் என்று பொறி தட்டுகிறது, ஆனால் பற்றுவதில்லை. மூன்று முறை முயன்றபின் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. மெக்கானிக் “போர்டு போய்விட்டது” என்று சொல்லி, ஹீட்டரின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டைப் புதிதாக மாட்டினார். பணம் கொடுத்த பிறகும் அதே நிலைதான்.

பதில்: உங்களிடம் அந்தப் பணத்தை வாங்கியிருக்கவே கூடாது. பொறி தட்டுகிறதென்றால் போர்டு தன் வேலையில் பெரும்பகுதியைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். வாயு வரும் வழியைப் பாராமல் நேரே போர்டில் கை வைக்கும் இந்தப் பழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஹீட்டரில் விலை கூடிய பாகங்களில் அது ஒன்று, மாட்டிய மின்னணுப் பாகத்தைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. நானும் இதே பேச்சை நம்பி அடுத்தடுத்து இரண்டு போர்டுகள் வாங்கியவன். மூன்றாவதாக வந்த முதியவர் ஒருவர் பர்னர் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். வளைவில் பஞ்சுத் திரியைப் போல வெள்ளையாகச் சிலந்திக்கூடு அடைத்திருந்தது. அதைப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் இழுத்தெடுத்துக் குழாயைத் திரும்ப மாட்டியதும், முதல் பொறியிலேயே நீலச் சுடர் பிடித்தது.

அண்மையில் சிலிண்டரை மாற்றியிருந்தால் வாயுக் குழாயில் காற்று நிற்கும். சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்ட பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். சட்டென்று திறந்தால் பாதுகாப்பு அமைப்பு வாயுவைக் குறுக்கிவிடும். அடுத்து, ஹீட்டர் பற்ற முயலும் அந்த நேரத்திலேயே அதற்கு வரும் மின்னழுத்தத்தை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 10.5க்குக் கீழே இறங்கினால் குறை பேட்டரியிலோ ஒயரிலோதான். பற்றிச் சில விநாடிகளில் அணைந்தால், சுடரை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம் அல்லது எர்த் இணைப்பு தளர்ந்திருக்கலாம். வாயு அழுத்தம் 11 அங்குல நீர்மட்ட அளவில் (வாயுவின் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு இது) இருக்கிறதா என்பதை மட்டும், அதற்குரிய மானி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். இவை அத்தனையும் சரியாக இருந்தால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்தச் சோதனையில் போர்டு பழுதென்று கண்டார் என்பதை மெக்கானிக்கிடம் எழுத்தில் கேளுங்கள், பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். விடை சொல்ல முடியாதவர் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர்.

கேள்வி: தொட்டியில் தண்ணீர் இல்லாததைக் கவனிக்காமல் மின்சார முறையில் ஹீட்டரைப் போட்டேன். எலிமென்ட் எரிந்துவிட்டது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள், கேட்பதும் முறையல்ல. வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும் என்பது கையேட்டின் முதல் பக்கங்களிலேயே இருக்கும்.

கேள்வி: சுடர் நன்றாக எரிகிறது, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாகவே வருகிறது. புதிய ஹீட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். குளிர்காலத்தில் தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் விலக்கிவிடத் திருப்பிய பைபாஸ் வால்வு பாதியில் நிற்கிறதா, வெளிப்புற ஷவரின் இரண்டு குழாய்களும் திறந்தபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டிலுமே குளிர்ந்த நீர் வெந்நீரோடு கலந்துவிடும்.

கேள்வி: பழைய கேரவன் ஒன்று வாங்கினேன். விற்றவர் அடுப்பை எரித்துக் காட்டினார். தொட்டியில் தண்ணீர் இல்லை என்று ஹீட்டரைக் காட்டவில்லை. “எல்லாம் வேலை செய்கிறது” என்று குறுஞ்செய்தியில் எழுதியிருக்கிறார். இப்போது தொட்டியே துருப்பிடித்து ஒழுகுகிறது.

பதில்: மிகவும் வருந்துகிறேன். அந்தக் குறுஞ்செய்திதான் உங்கள் சான்று, அழித்துவிடாதீர்கள். வடிகால் துளையில் இருக்கும் மெக்னீசியக் கம்பியைக் கழற்றிப் படம் எடுங்கள். தொட்டி ஆறி, அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பின்னரே கழற்ற வேண்டும். எஃகுத் தொட்டிக்குப் பதில் தான் அரிபடுவதற்காகவே வைக்கப்பட்ட கம்பி அது. முக்கால் பங்கு தேய்வதற்குள் மாற்றியிருக்க வேண்டும். நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், நெடுநாள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது படத்திலேயே தெரியும். குறுஞ்செய்தி, படம் இரண்டையும் இணைத்து, தொட்டி மாற்றும் செலவைக் கேட்டு விற்றவருக்கு எழுதுங்கள்.

கேள்வி: சூடேறியதும் பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுகிறது. கடைக்காரர் புதிய வால்வு வாங்கச் சொல்கிறார். அதுவரை துளையை அடைத்து வைக்கலாமா?

பதில்: ஒருபோதும் அடைக்காதீர்கள். அழுத்தம் 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு) அல்லது வெப்பம் 99 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த வால்வுதான். சூடான நீர் விரிவதற்குத் தொட்டியின் மேற்பகுதியில் காற்று இருக்க வேண்டும், நாளடைவில் அது குறைந்துவிடும், அப்போது அழுத்தம் கூடி வால்வு சொட்டும். ஹீட்டரை அணைத்து, நீர் நன்றாக ஆறியபின் பம்பை நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, வால்வின் நெம்புகோலைத் தூக்கி, ஒழுக்கு நிற்கும்வரை நீரை விடுங்கள். பிறகு நெம்புகோலை இறக்கி, குழாயை மூடிப் பம்பைப் போடுங்கள். அதன் பின்னும் சொட்டினால் மட்டும் புதிய வால்வு வாங்குங்கள்.

கேள்வி: ஹீட்டரின் வெளிக்கதவில் கரி படிகிறது, சுடர் மஞ்சளாக எரிகிறது. இந்தப் பயணம் முடியும்வரை ஓட்டலாமா?

பதில்: கூடாது. வாயு சரியாக எரியவில்லை என்பதன் அடையாளம் அது. இன்றே அணையுங்கள், அப்படி எரியும்போது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.