ரட்சிக்கப்பட்ட தேதி தெரியலைன்னா குடியா முழுகிப்போச்சு?

கேள்வி: எடிட்டர் அண்ணனுக்கு ஸ்தோத்திரம். புதுவயல்ல ரைஸ் மில்லுல கணக்கு எழுதுறேன். பிறந்ததுல இருந்தே சர்ச்சுதான், சண்டே ஸ்கூல், திடப்படுத்தல் எல்லாம் முறையா ஆச்சு. போன மாசம் உபவாசக் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார், ரட்சிக்கப்பட்ட தேதி தெரிஞ்சவங்க கை தூக்குங்க, தேதி தெரியாதவங்க இன்னும் ரட்சிக்கப்படலன்னார். எல்லாரும் தூக்கினாங்க, நான் தூக்கல. எனக்கு அப்படி ஒரு நாளே இல்லண்ணே. வீட்டுக்காரர் மஞ்சக்காமாலைல தவறினப்ப ரொம்ப நாள் ஜெபமே பண்ணல, திரும்ப எப்ப ஆரம்பிச்சேன்னும் ஞாபகம் இல்ல. அப்ப சபைல இருந்து வந்தவங்கல்லாம் "எல்லாம் நன்மைக்கே"ன்னு வசனம் சொல்லிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி, வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போறவங்க, தினமும் தூக்குல ரசஞ்சோறு கொண்டாந்து வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாங்க. எனக்கு அவங்கதான் ஆறுதல். இப்ப மில்லுக் களத்துல நெல்லு காயவைக்கிற அக்காவோட மகன் செத்துட்டான், நானும் போனேன், தண்ணி பிடிச்சு வச்சேன், வீட்டைக் கூட்டினேன், ஆனா வசனம் சொல்ல வாயே வரல. சின்ன வயசுல 23ஆம் சங்கீதத்துல "தாழ்ச்சியடையேன்"ல நின்னுருவேன், இப்ப மரண இருளின் பள்ளத்தாக்கு வரியிலதான் நிக்கிறேன். இது வளர்ச்சியா, இல்ல பின்வாங்கிட்டேனா? அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் திருவிருந்து எடுக்கல. பைபிள் ஸ்டடிக்கும் போறதில்ல, அனுபவமே போதும்னு இருக்கு.
- பெயர் வேண்டாம், காரைக்குடி வட்டம்

பதில்: தங்கச்சி, மூணு கேள்விய ஒண்ணா மூட்டை கட்டி அனுப்பியிருக்கீங்க. தேதி கேள்வி இருக்கறதுலயே சுலபம், அதை முதல்ல முடிச்சுருவோம்.

அந்தப் பிரசங்கியார் பவுலை மனசுல வச்சுப் பேசியிருப்பார், சபையத் துன்பப்படுத்திட்டிருந்தவர் மனம் மாறினது தமஸ்கு ரோட்டுல ஒளி, சத்தம், கீழ விழுந்தது, எல்லாம் ஒரே நாள். சரி, பவுலுக்கு தேதி இருந்துச்சு. அந்தப் பவுல் தன் கையால வளத்த தீமோத்தேயுவுக்கு தேதி எங்க? பாட்டி லோவிசாள்கிட்ட இருந்த விசுவாசம், அம்மா ஐனிக்கேயாள்கிட்ட இருந்த விசுவாசம், அதே உனக்குள்ளயும் இருக்குன்னு பவுல் எழுதுறார், சின்ன வயசுல இருந்தே வேத எழுத்து தெரிஞ்சவன்னும் எழுதுறார், ரெண்டாம் தீமோத்தேயு 1லயும் 3லயும் பாத்துக்கங்க, எந்த இடத்துலயும் நீ எந்தக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னன்னு கேக்கல. உங்களை மாதிரி பாட்டி வழி வந்த கேஸ்தான் அவனும். இன்னொண்ணு, தேதி இருந்த பவுலுக்கே அந்த ஒரு நாளோட வேலை முடிஞ்சுதான்னு பாருங்க. அரபி தேசம் போறார், தமஸ்குக்குத் திரும்புறார், மூணு வருஷம் கழிச்சுதான் எருசலேமுக்குப் போய் பேதுருவைப் பாக்குறார், அப்புறம் 14 வருஷம் கழிச்சு மறுபடி போறார், கலாத்தியர்ல அவரே கணக்கு சொல்றார். கடைசில ஜெயில்ல கட்டுண்டு உக்காந்துட்டு பிலிப்பியருக்கு எழுதுறப்பவும் நான் இன்னும் அடைஞ்சுட்டதா நினைக்கல, தொடர்ந்து போறேங்கறார். கை தூக்கச் சொல்ற பிரசங்கியாருங்க இந்த அதிகாரத்தையெல்லாம் ஏன் தாண்டிப் போறாங்கன்னா, இதை வச்சு ஒரு கூட்டத்தை அழவைக்க முடியாது, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக் கதையே ஒண்ணு சொல்றேன். ஓரியூர் உங்களுக்குத் தெரியும், தேவகோட்டை தாண்டி திருவாடானை பக்கம். தடியத்தேவன்னு மறவர் சீமை இளவரசர் ஒருத்தருக்கு தீராத நோய், போர்ச்சுக்கல்ல இருந்து வந்த கத்தோலிக்க மிஷனரி அருளானந்தர் அனுப்பின உபதேசியார் போய் ஜெபிச்சதும் குணமாச்சுன்னு வரலாறு. சாட்சி சொல்றதுக்கு எவ்வளவு அம்சமான நாள்! ஆனா ஞானஸ்நானம்னு வந்தப்ப, பல மனைவி இருக்கற உனக்கு இனிமே ஒரு மனைவிதான்னு அருளானந்தர் சொன்னார், அவரும் ஒத்துக்கிட்டார், அனுப்பப்பட்ட மனைவிங்கள்ல ஒருத்தர் ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு சொந்தக்காரர், புகார் அரண்மனைக்குப் போச்சு, 1693 பிப்ரவரி 4 அன்னைக்கு ஓரியூர்ல அருளானந்தர் தலை விழுந்துச்சு. நோய் தீந்தது ஒரு நாள்ல. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள என்ன மாறணுங்கறதுதான் கஷ்டமான பாடம், அதுக்கு யார் யாரோ விலை குடுத்தாங்க (அனுப்பப்பட்ட அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்குறதில்ல, அது வேற வருத்தம்). கத்தோலிக்கக் கதைய நம்ம பத்திரிகைல ஏன் இழுக்குறீங்கன்னு யாரும் லெட்டர் போட வேணாம், அப்ப நம்ம சி.எஸ்.ஐ.யே (தென்னிந்தியத் திருச்சபை) கிடையாது, 1947லதான் அது உண்டாச்சு, ரோம்ல அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் குடுத்ததும் அதே வருஷந்தான்.

இப்ப ஆச்சி விஷயம். உங்க கடிதத்துல கனமான இடம் அதுதான், நீங்க அதைக் குத்தம் மாதிரி எழுதியிருக்கீங்க.

யோபு புஸ்தகத்தை எடுங்க. பிள்ளைங்க போய், சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணா சாம்பல்ல உக்காந்திருக்கற மனுஷனைப் பாக்க மூணு சிநேகிதங்க வர்றாங்க. ஏழு நாள், ஏழு ராத்திரி, அவனோட தரையில உக்காந்தாங்க, துக்கம் ரொம்பப் பெருசுன்னு கண்டு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல, 2ஆம் அதிகாரம் கடைசி வசனம். அந்த மூணு பேரும் புஸ்தகம் முழுக்க செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான். எட்டாம் நாள் வாயத் தொறந்தாங்க பாருங்க, அங்க இருந்து அதிகாரம் அதிகாரமா உபதேசம், நீ ஏதோ தப்பு பண்ணியிருப்ப, தேவன் காரணமில்லாம செய்ய மாட்டார், மனந்திரும்புன்னு. கேக்க எல்லாம் பக்தியான பேச்சுதான். முடிவுல கர்த்தர் என்ன சொன்னார்? எலிப்பாஸைக் கூப்பிட்டு, உன்மேலயும் உன் ரெண்டு சிநேகிதர்மேலயும் எனக்குக் கோபம், என் தாசன் யோபு மாதிரி நீங்க என்னைப்பத்தி நிதானமாப் பேசலன்னார். கத்தினவன், கேள்வி கேட்டவன், பிறந்த நாளையே சபிச்சவன், அவன் பேசினது சரியாம். சப்பைக்கட்டு கட்டினவங்க பேச்சு தப்பாம்.

யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் செஞ்ச நல்லதைத்தான் உங்க ஆச்சி செஞ்சாங்க, தூக்குச்சட்டியும் கையுமா. சபைக்காரங்க எட்டாம் நாள் வேலைய முதல் நாளே ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க சொன்ன "எல்லாம் நன்மைக்கே" ரோமர் 8:28, அது பொய்யான வசனம்னு நான் சொல்லல, பவுல் அதை பாடுகள், பெருமூச்சு, என்ன ஜெபிக்கறதுன்னே தெரியாத பலவீனம் எல்லாத்தையும் எழுதிட்டுத்தான் எழுதுறார், நம்ம ஆளுங்க மேல உள்ளதை விட்டுட்டு அந்த ஒத்த வரிய மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டு சாவு வீட்டுக்கு வந்துடுறாங்க.

முருகன் கோவிலுக்கு நடக்கற ஆச்சிகிட்ட கத்துக்கிட்டது விசுவாசக் குறைவான்னு கேட்டா, இயேசுகிட்ட கேளுங்க. இஸ்ரவேலருக்குள்ளயும் இப்படிப்பட்ட விசுவாசத்தை நான் பாக்கலன்னு அவர் ஆச்சரியப்பட்டது ரோம நூற்றுக்கு அதிபதியப் பாத்து. ஸ்திரீயே உன் விசுவாசம் பெரிதுன்னு சொன்னது கானானியப் பொம்பளைகிட்ட. அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வாத்துக் கட்டுப் போட்டவன் சமாரியன், ஒதுங்கிப்போன ரெண்டு பேரும் தேவாலயத்து ஆளுங்க. நூற்றுக்கு அதிபதி, கானானியப் பொம்பளை, சமாரியன், மூணு பேருமே யூதங்க கணக்குல வெளியாளுங்க. ஆச்சிகிட்ட போய் நன்றி சொல்லியிருக்கீங்களா? கடிதத்துல அது இல்ல. போய் சொல்லுங்க, கூடவே சுவிசேஷத் துண்டுப்பிரதி எடுத்துட்டுப் போயிராதீங்க.

ஜெபம் பண்ணாத நாளைப்பத்தி ஒரு பேச்சு. 88ஆம் சங்கீதம் வாசிச்சிருக்கீங்களா? மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசில எப்படியாவது துதில வந்து நிக்கும், இது நிக்காது, சிநேகிதன் போயிட்டான், தெரிஞ்சவங்க மறைஞ்சுட்டாங்க, அத்தோட முடிஞ்சுரும். அதை யாரும் பைபிள்ல இருந்து எடுத்துப் போடல. அப்படி ஒரு காலத்துக்கும் அங்க இடம் இருக்கு.

எப்ப திரும்ப ஜெபிக்க ஆரம்பிச்சேன்னே தெரியலங்கறீங்க. மில்லுல கணக்கு எழுதறவங்க இதுக்கு முழிக்கலாமா, உங்க மில்லுக்கு நெல்லு கொண்டாந்து கொட்டுற மானாவாரி சம்சாரியக் கேளுங்க. ஆவணி, புரட்டாசில மழைக்கு முன்னாலயே புழுதியில விதைச்சுட்டு வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பார், எந்த ராத்திரி எந்த விதை வாயத் தொறந்துச்சுன்னு அவருக்குத் தெரியுமா? மாற்கு 4ல இயேசு இதையேதான் சொல்றார், அவன் தூங்கி முழிச்சிட்டிருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்குது, முன்பு முளை, பின்பு கதிர், அப்புறம் கதிர்ல நிறைஞ்ச தானியம். முளைச்ச தேதி சொல்லாட்டி இந்த நெல்லை வாங்க மாட்டேன்னு எந்த மில்லுக்காரராவது சொல்லுவாரா?

அதே மாற்கு 8ஆம் அதிகாரத்துல பெத்சாயிதா குருடன் இருக்கான். இயேசு கையப் பிடிச்சு ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போய், கண்ணுல உமிழ்ந்து கை வச்சு, ஏதாவது தெரியுதான்னு கேக்குறார். அவனும் ஒளிவு மறைவு இல்லாம, மனுஷங்க நடக்கறது தெரியுது, ஆனா மரம் மாதிரி தெரியறாங்கங்கறான். மறுபடி கை வைக்கிறார், அப்புறந்தான் தெளிவு. நாலு சுவிசேஷத்துலயும் ரெண்டு தடவையா சுகமானது இவன் ஒருத்தன்தான். மாற்கு இதை வச்ச இடம் பாருங்க, அடுத்தாப்லயே பேதுரு "நீர் கிறிஸ்து"ங்கறான், சபாஷ்னு நினைக்கறதுக்குள்ள சிலுவைப் பேச்சைத் தடுத்து "எனக்குப் பின்னாகப்போ சாத்தானே"ன்னு வாங்கிக் கட்டிக்கிறான். அவனுக்கும் அப்ப மனுஷங்க மரமாத்தான் தெரிஞ்சிருக்கு. அவன் பார்வை தெளிய அப்போஸ்தலர் 10ல யூதரல்லாத கொர்நேலியு வீடு வரைக்கும் போகவேண்டியிருந்துச்சு, அதுக்கப்புறமும் அந்தியோகியால புறஜாதியாரோட, அதாவது யூதரல்லாதவங்களோட, சாப்பிட்டுட்டிருந்தவன், எருசலேம்ல இருந்து ஆள் வந்ததும் பந்திய விட்டு நழுவி, பவுல்கிட்ட எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கினான். இவ்வளவு வருஷம் கூட நடந்தவனுக்கே இந்த லட்சணம். குருடன் செஞ்ச நல்ல காரியம், முதல் கை வச்சதுமே நல்லாத் தெரியுது ஸ்தோத்திரம்னு பொய் சொல்லாம இருந்தது. அன்னைக்கு கூட்டத்துல கை தூக்காம இருந்தீங்களே, அதுக்காக உங்களை மெச்சுறேன்.

மெச்சினது போதும். அனுபவமே போதும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். துக்கம் தன்னால யாருக்கும் எதையும் கத்துக்குடுக்காது. ஒரே மாதிரி அடி வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் இளகுறார், இன்னொருத்தர் கல்லாயிடுறார், நாம பாக்காததா. நாப்பது வருஷமா சபைல மூத்தவர்னு பேரு, அறுப்பின் பண்டிகை ஏலத்துல தன் பேரை முதல்ல வாசிக்கலன்னு ஆயர்கிட்ட மூஞ்சியத் தூக்கிட்டுப் போவார், அவருக்கும் அனுபவம் மூட்டை மூட்டையா இருக்கு. காலத்தைப் பாத்தா போதகரா இருக்கவேண்டிய நீங்க இன்னும் பால் குடிக்கிறவங்களா இருக்கீங்களேன்னு எபிரெயர் 5ல எழுதினது இப்படிப்பட்ட சீனியர்களுக்குத்தான். உங்களுக்கு பள்ளத்தாக்கு வரி புரிஞ்சதுக்குக் காரணம் வீட்டுக்காரர் போனது மட்டும் இல்ல, அதுக்கு முன்னாலயே எந்த டீச்சரோ அந்த வரிய உங்களை மனப்பாடம் பண்ண வச்சதும்தான். வரி உள்ள இல்லைன்னா துக்கம் வந்து எதைப் போய்த் தொடும்?

களத்து அக்கா வீட்டுல வசனம் வரலையேன்னு வருத்தப்பட்டிருக்கீங்க. ஆச்சிகிட்ட வாங்கினதை அங்க குடுத்திருக்கீங்க, வளர்ச்சியான்னு கேட்டா அதைத்தான் காட்டுவேன். ஆனா ஒரு தடவை போனதோட நிறுத்திராதீங்க. சனங்க வர்றது நின்னதுக்கப்புறந்தான் அந்த வீட்டுக்கு ஆள் வேணும்.

திருவிருந்து விஷயத்துல எனக்குக் கோபம். யாரோ ஒருத்தர் மைக்குல சொன்னதுக்காக ஆண்டவர் பந்தியில இருந்து நீங்க ஏன் எந்திரிக்கணும்? முதல் பந்தியில இருந்த பன்னிரண்டு பேர் யோக்கியதை என்னன்னு தெரியும்ல, ஒருத்தன் காட்டிக்குடுத்தான், ஒருத்தன் மறுதலிச்சான், மத்தவங்க ஓடிப்போனாங்க. அடுத்த தடவை போய் முழங்கால் போடுங்க. பைபிள் ஸ்டடி போரடிக்குதுன்னா அது நியாயமான புகார், ஆயர்கிட்ட நேரா சொல்லுங்க, அதுவரைக்கும் வீட்டுல மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சுல வாசிங்க, 16 அதிகாரம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும். அப்படியே உங்க சபைல சண்டே ஸ்கூலுக்கு டீச்சர் வேணுமான்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் வேணும்பாங்க. பிள்ளைங்க ஏடாகூடமா கேள்வி கேக்கும், தெரியலைன்னா தெரியலன்னு சொல்லிட்டு எனக்கு எழுதிப் போடுங்க, எனக்கும் தெரியலைன்னா ஆயர் தலையில கட்டிருவோம்.