தேர்தல் முடிந்ததும் மாணவர் மன்றம் ஏன் தூங்கிவிடுகிறது?

வணக்கம் டீச்சர். ஜூனில் வாக்குப்பெட்டி வைத்து, விரலில் மைகூட வைத்து மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஆகஸ்டு முடியப்போகிறது, பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதுவதைத் தவிர மன்றத்துக்கு வேலையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளிடம் குறையில்லை. முடிவெடுக்க ஒன்றும் கொடுக்காமல் பதவியை மட்டும் கொடுத்தால் யாரும் சோர்ந்துதான் போவார்கள்.

சின்னதாக, ஆனால் நிஜமான ஒரு பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடுங்கள். என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். தப்பாக முடிவெடுத்தாலும் நீங்கள் மாற்றாதீர்கள். எங்கள் பிள்ளைகள் கேரம் போர்டுதான் வேண்டும் என்றார்கள். நாலு பேருக்கு மேல் ஆட முடியவில்லை என்று அடுத்த கூட்டத்தில் ஒரே சண்டை. கடைசியில் அவர்களே முறை வைத்து அட்டவணை எழுதி ஒட்டினார்கள்.

அப்புறம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். ஆனாலும் ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க அழைத்துப் போகலாம். நாங்கள் போனபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராததைக் கோடு போட்ட தாளில் எழுதிக் கையில் கசங்கக் கசங்கப் பிடித்திருந்தாள். அவள் அம்மா எழுந்து அதை வாசித்தார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. குழாய் சரியாகும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 2-க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று நாளைக்கே கூட்டம் போட்டுக் கேளுங்கள்.