வாசகர் கேள்வி: இழுவைப் பட்டையை எதில் மாட்டுவது?

கேள்வி: கடற்கரை மணலில் ஓட்டுவதற்காக 8,000 கிலோ என்று குறித்த ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியால் இழுத்து மீட்கும் பட்டை) ஒன்றும், அதை வண்டியில் மாட்ட 3.25 டன் ஷேக்கிள் (U வடிவ இரும்பு வளையம்) இரண்டும் வாங்கியிருக்கிறேன். வண்டியின் மொத்த எடை 3,000 கிலோ. 8 டன் பட்டைக்கு இந்த ஷேக்கிள் தாங்குமா? ஷேக்கிள் எதற்கு, பட்டையை டோ பாலிலேயே (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டிலேயே) மாட்டிவிடலாம் என்கிறார் நண்பர். சரியா?
– ஒரு வாசகர், பிரிஸ்பேன்

பதில்: நண்பரின் யோசனையை முதலிலேயே மறுத்துவிடுகிறேன். டோ பால், டிரெய்லரைச் சீராக இழுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. ஸ்னாட்ச் ஸ்ட்ராப்போ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீண்டு, அந்த விசையை ஒரே வெட்டிழுப்பில் வெளியிடும் நைலான் பட்டை. அந்த வெட்டிழுப்பில் டோ பாலின் கழுத்து முறிந்தால், இரும்புக் குண்டு கவண்கல்லைப் போலப் பறந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு உயிரிழந்தவர்கள் உண்டு. இத்தகைய பட்டைகளில் எச்சரிக்கைக் குறிப்பு இருக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. கப்பலில் ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்கும் வளையங்களும் இதற்கு உதவா. வண்டியின் அடிச்சட்டத்தில் (சேஸி) போல்ட் போட்டுப் பொருத்திய, தாங்குதிறன் குறித்த மீட்புக் கொக்கியே வேண்டும். பின்புறம் டோ பாலைத் தாங்கும் நாக்கைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த குழாயில் ஷேக்கிள் மாட்டும் கட்டையைச் செருகலாம்.

ஷேக்கிளைப் பற்றிய குழப்பம் பலருக்கும் உள்ளது. பட்டையில் உள்ள எண் அது அறுந்துபோகும் சுமை. ஷேக்கிளில் உள்ளதோ பாதுகாப்பாகச் சுமக்கும் எடை. முறையாகத் தரம் குறித்த ஷேக்கிள்களின் முறிவுச் சுமை பொதுவாக அதைப் போல் ஆறு மடங்கு இருக்கும். ஆகவே உங்களுடையது போதும், 4.75 டன் என்றால் இன்னும் நிம்மதி. எண் பொறிக்காத ஷேக்கிள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் தொடாதீர்கள். பட்டையின் முறிவுச் சுமை, இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியே எடை குறைந்ததானால் 8,000 கிலோ பொருந்தும். ஷேக்கிளின் குறுக்காணியை (பின்) முழுவதும் திருகியபின் கால் சுற்று தளர்த்துங்கள். இல்லையேல் இழுப்புக்குப் பின் கழற்ற முடியாமல் இறுகிவிடும்.

நீளம் போதவில்லை என்று இரண்டு பட்டைகளை ஷேக்கிளால் இணைப்பது, டோ பாலுக்கு அடுத்தபடியான ஆபத்து. பட்டை அறுந்தால் அந்த இரும்பும் பறக்கும். அதற்குப் பதிலாக, ஒன்றின் முனையிலுள்ள கண்ணியை மற்றதன் கண்ணிக்குள் நுழைத்து, முடிச்சு இறுகாமலிருக்க நடுவே சுருட்டிய செய்தித்தாளை வையுங்கள்.

இழுப்பதற்கு முன் டயரின் காற்றைக் குறைத்து, சக்கரங்களின் முன்னுள்ள மணலை அள்ளுங்கள். பாதி வேளைகளில் பட்டையே தேவைப்படாது. தேவைப்பட்டால் பட்டையின் நடுவே கனமான விரிப்பைப் போட்டு, ஓட்டுநர்களைத் தவிர மற்ற அனைவரையும் பட்டையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், இழுக்கும் கோட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். முதல் இழுப்பு மெதுவாகவே இருக்கட்டும். நனைந்த நைலான் வலுவிழக்கும் என்பதால், உப்பும் மணலும் போகக் கழுவி நிழலில் உலர்த்திய பிறகே பட்டையைச் சுருட்டி வையுங்கள். ஓரத்தில் வெட்டுப்பட்டதை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.